அக்கம்பக்கத்து ஆட்களை வைத்துக் கண்டுபிடித்த ஜெர்மன் முன்னோர்

என் மாமியாரின் பிறந்த வீட்டில் முன்னோர் ஒருவரைப் பற்றி இரண்டு கதைகள் புழக்கத்தில் இருந்தன. அவர் ஜார்ஜ் வாஷிங்டன் காலத்து அமெரிக்கப் புரட்சிப் போரில் கேப்டனாக இருந்தார் என்பது ஒன்று. பிரிட்டிஷாருக்காகச் சண்டை போட ஜெர்மனியிலிருந்து வந்த ஹெஸ்ஸியச் சிப்பாய், பிடிபட்ட பிறகு ஊர் திரும்பாமல் அமெரிக்காவிலேயே குடும்பம் நடத்தினார் என்பது இன்னொன்று. தேங்க்ஸ்கிவிங் விருந்தில் பெரியவர்கள் இரண்டையும் அடுத்தடுத்துச் சொல்வார்கள். யாரும் குறுக்குக் கேள்வி கேட்க மாட்டார்கள். மருமகளாக வந்த நான்தான் கேட்டேன். கேட்டவள் தலையிலேயே வேலையும் விழுந்தது.

நாங்கள் இருப்பது பென்சில்வேனியாவில், ரெடிங் நகருக்குப் பக்கம். 2026-இல் அமெரிக்கச் சுதந்திரத்துக்கு 250 வயது. அதை ஒட்டி மாமியாருக்கு டி.ஏ.ஆர். சங்கத்தில் சேர வேண்டும் என்ற ஆசை வந்தது. டாட்டர்ஸ் ஆஃப் தி அமெரிக்கன் ரெவல்யூஷன் என்ற அந்தச் சங்கம் 1890-இல் தொடங்கியது. புரட்சிக்குத் துணை நின்ற ஒருவரின் நேர்வழி வாரிசு என்பதைத் தலைமுறை தலைமுறையாக ஆவணத்தோடு காட்டினால்தான் சேர்த்துக்கொள்வார்கள். "நீதான் கம்ப்யூட்டரில் எதையும் தேடி எடுத்துவிடுவாயே" என்றார் மாமியார். செத்துப்போனவர்களைத் தேடி என்ன ஆகப் போகிறது என்றார் அவர் மகன். சரி, ஆளுக்கொரு வேலை.

குடும்பப் பெயரை இங்கே எழுத வேண்டாம் என்று மாமியார் சொல்லிவிட்டதால், கப்பலில் வந்தவர், அவருடைய மகன் என்றே எழுதுகிறேன்.

வீட்டில் ஏற்கெனவே ஒரு குடும்ப வரலாறு இருந்தது. மாமியாரின் தாத்தா யாருக்கோ காசு கொடுத்து எழுதி வாங்கியது. தடித்த காகிதம், முதல் பக்கத்தில் சிங்கமும் கிரீடமும் போட்ட குலச்சின்னம், ஜெர்மன் பிரபு ஒருவரிடமிருந்து நேராக இறங்கி வரும் வம்சாவளி. எந்த வரிக்கும் ஆதாரம் கிடையாது. இந்த மாதிரிப் புத்தகம் இங்கே பல வீடுகளில் இருக்கிறது. உண்மையில் பதினெட்டாம் நூற்றாண்டில் ரைன் நதிப் பக்கத்திலிருந்து கப்பலேறியவர்களில் பெரும்பாலோர் குடியானவர்கள், நெசவாளிகள், கொல்லர்கள், தச்சர்கள். தென்மேற்கு ஜெர்மனியின் பல பகுதிகளில் அப்பன் நிலத்தை எல்லாப் பிள்ளைகளுக்கும் பிரித்துக் கொடுக்கும் வழக்கம் இருந்தது. தலைமுறை போகப் போக நிலம் துண்டு துண்டாகிப் பிழைப்புக்குப் போதாமல் போனது. போரும் வரியும் சேர்ந்துகொண்டன. அப்படிக் கிளம்பியவர்களுக்குச் சிங்கமும் கிரீடமும் எங்கிருந்து வரும்? புத்தகத்தில் கடைசி மூன்று தலைமுறைப் பெயர்கள் மட்டும் சரியாக இருந்தன. அதை வைத்துக்கொண்டு மற்றதை மூடி வைத்தேன்.

இந்த வேலையில் இறங்குபவர்கள் பலர் நேராக 1776-க்குத் தாவி, தங்கள் குடும்பப் பெயரில் ஒரு சிப்பாயைக் கண்டுபிடித்து, அங்கிருந்து கீழே இறங்கி வரப் பார்ப்பார்கள். திசை மாற வேண்டும். நம்மிடமிருந்து தொடங்கி மேலே ஏற வேண்டும். பென்சில்வேனியா மாநிலம் பிறப்பையும் இறப்பையும் பதியத் தொடங்கியது 1906-இல்தான். அதற்கு முன் 1893 முதல் கவுண்டி (நம் மாவட்டம் மாதிரி) அளவில் பதிவு உண்டு. 1850 முதல் மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் வீட்டில் உள்ள அத்தனை பேரின் பெயரும் இருக்கும். 1790 முதல் 1840 வரையிலான கணக்கெடுப்புகளில் குடும்பத் தலைவர் பெயர் மட்டும்தான், மற்றவர்கள் வெறும் எண்ணிக்கை.

ஆகவே உண்மையான பள்ளம் புரட்சிக் காலத்தில் இல்லை, 1800-க்கும் 1850-க்கும் நடுவில் இருக்கிறது. எங்களை அதிலிருந்து கரையேற்றியது ஆர்ஃபன்ஸ் கோர்ட். பெயரைப் பார்த்து அநாதைக் குழந்தைகள் விவகாரம் என்று பலர் திறந்தே பார்ப்பதில்லை. உயில் எழுதாமல் ஒருவர் இறந்தால் பண்ணையைப் பங்கு பிரிக்கிற வழக்கு இந்த நீதிமன்றத்துக்குத்தான் போகும். அதில் விதவை, மகன்கள், கட்டிக் கொடுத்த மகள்கள், மருமகன்கள் பெயர் எல்லாம் வரிசையாக இருக்கும். எங்களுக்குக் கிடைத்த ஒரு தாள் இரண்டு தலைமுறைகளை ஒரே பக்கத்தில் கட்டிப்போட்டது.

அந்தத் தாளைத் தேட எந்த ஊர் நீதிமன்றத்துக்குப் போவது என்பது தனிக் கேள்வி. பண்ணை நகரவில்லை, கவுண்டி எல்லைதான் நகர்ந்துகொண்டே இருந்தது. லங்காஸ்டர் கவுண்டி 1729-இல் உருவானது. அதிலிருந்து 1785-இல் டாஃபின் பிரிந்தது. 1813-இல் லெபனான் கவுண்டி வந்தது. கப்பலில் வந்தவர் வாங்கிய நிலம் இன்று லெபனான் கவுண்டியில் இருக்கிறது. அவர் காலத்து ஆவணம் லங்காஸ்டரில், மகன் காலத்தது டாஃபினின் தலைநகரான ஹாரிஸ்பர்க்கில், பேரன் காலத்தது லெபனானில். வரைபடத்தைப் பார்க்காமல் லெபனானில் மட்டும் கேட்டால், அப்படி ஒரு ஆளே இல்லை என்ற பதில்தான் வரும்.

இதைவிடப் பெரிய குழப்பம் ஹைடல்பெர்க். அது ஜெர்மனியில் ஒரு நகரம். புலம்பெயர்ந்த ஜெர்மானியர்கள் ஊர்ப்பாசத்தில் போகிற இடமெல்லாம் அந்தப் பெயரை வைத்துவிட்டார்கள். பெர்க்ஸ், லெபனான், லீஹை, யார்க் என்று நான்கு கவுண்டிகளில் ஹைடல்பெர்க் டவுன்ஷிப் (கவுண்டிக்குள் இருக்கும் சிறு ஊராட்சிப் பகுதி) இருக்கிறது. எங்கள் ஆள் லெபனான் பக்கத்து ஹைடல்பெர்க் டவுன்ஷிப்காரர். பெர்க்ஸ் ஹைடல்பெர்க்கிலும் அதே பெயரில் ஒருவர் இருந்தார், ஏறக்குறைய அதே வயது. புத்தகம் எழுதியவர் இரண்டு பேரையும் ஒட்டி ஒரே ஆளாக்கியிருந்தார். கேப்டன் பட்டம் எங்கிருந்து வந்தது என்பது எனக்கு அங்கேதான் பிடிபட்டது. அந்தக் கேப்டன் பெர்க்ஸ்காரர்.

ஒரே பெயரில் பலர் இருப்பதற்குக் காரணம் ஜெர்மானியர்கள் பெயர் வைக்கும் முறை. ஞானஸ்நானத்தில் இரண்டு பெயர் வைப்பார்கள். பல வீடுகளில் பையன்கள் எல்லோருக்கும் முதல் பெயர் யோஹான்தான். யோஹான் ஜார்ஜ், யோஹான் ஆடம், யோஹான் பீட்டர் என்று அண்ணன் தம்பி மூன்று பேர் ஒரே வீட்டில் இருப்பார்கள். கூப்பிடுவது இரண்டாவது பெயரை. வரிப் பட்டியலிலும் படைப் பட்டியலிலும் அந்தக் கூப்பிடும் பெயர்தான் வரும், யோஹான் காணாமல் போய்விடும். யோஹானஸ் என்று தனியாக இருந்தால் மட்டும் அது உண்மையிலேயே அவர் பெயர், பின்னால் ஜான் ஆகிவிடுவார். குடும்பப் பெயரோ, ஆங்கிலேய எழுத்தர் காதில் எப்படி விழுந்ததோ அப்படி. முல்லர் மில்லராவது பரவாயில்லை. சிம்மர்மான் கார்பென்டர் ஆன குடும்பங்களும் உண்டு. எழுத்துக்கூட்டலை வைத்து "இது நம் ஆள் இல்லை" என்று ஒதுக்குவதும் தப்பு, "இதுதான் நம் ஆள்" என்று கொண்டாடுவதும் தப்பு.

அப்படியானால் எதை வைத்து ஆளை அடையாளம் காண்பது? சுற்றி இருப்பவர்களை வைத்துத்தான். இதை எனக்குச் சொல்லிக் கொடுத்தது ஞானஸ்நானப் பதிவேடு.

பென்சில்வேனியா ஜெர்மானியர்களில் பெரும்பாலோர் லூத்தரன் அல்லது ரிஃபார்ம்ட் என்ற புராட்டஸ்டன்ட் சபையினர். பல ஊர்களில் இரண்டு சபைக்கும் சேர்த்து ஒரே கோயில்தான், ஒரு வாரம் இவர்கள், மறு வாரம் அவர்கள். பதிவேடு மட்டும் தனித்தனி. ஆகவே இரண்டையும் பார்க்க வேண்டும். பல பதிவேடுகளை இருபதாம் நூற்றாண்டுத் தொடக்கத்திலேயே ஆங்கிலத்தில் தட்டச்சு செய்து வைத்திருக்கிறார்கள். வசதிதான், ஆனால் அதோடு நிறுத்தக் கூடாது. மூலம் குர்ரெண்ட் என்ற பழைய ஜெர்மன் கையெழுத்தில் இருக்கும். அதில் ஈ (e) எழுத்தும் என் (n) எழுத்தும் அச்சில் வார்த்தது போல ஒன்றாகத் தெரியும். யூ (u) எழுத்துக்கு மேலே ஒரு சின்ன வளைவு போடுவார்கள், அதைக் கவனிக்காவிட்டால் அதுவும் என் ஆகிவிடும்.

எங்கள் பக்கம் இப்படி இருந்தது. பழுப்பேறிய தாளில் ஐந்து பத்திகள். குழந்தையின் பெயர், பிறந்த நாள், ஞானஸ்நான நாள், பெற்றோர், கடைசியில் சாட்சிகள். பிறந்த நாள் பத்தியில் 7 என்று எழுதிப் பக்கத்தில் பி.ஆர். என்று இரண்டு எழுத்து. தட்டச்சுப் பிரதியில் அதை ஜூலை என்று போட்டிருந்தார்கள். அது செப்டம்பர். லத்தீனில் செப்டெம் என்றால் ஏழு, அந்தக் கணக்கில் 7, 8, 9, 10 என்று எழுதினால் செப்டம்பர் முதல் டிசம்பர் வரை. இரண்டு மாத வித்தியாசம் சின்ன விஷயம்போலத் தெரியும். ஆனால் கல்லறைக் கல்லில் "71 வருடம், 4 மாதம், 11 நாள் வாழ்ந்தார்" என்ற பாணியில்தான் பொறிப்பார்கள். இறந்த நாளிலிருந்து அதைக் கழித்துப் பிறந்த நாளைக் கண்டுபிடித்து, பதிவேட்டோடு ஒத்துப் பார்க்கும்போது ஜூலையா செப்டம்பரா என்பதுதான் ஆளையே தீர்மானிக்கும். (பழைய மணற்கல்லில் எழுத்துத் தெரியவில்லை என்று சாக்பீஸ், ஷேவிங் கிரீம் எல்லாம் தேய்க்கிறார்கள். கல் அரித்துப்போகும். பக்கவாட்டிலிருந்து டார்ச் அடித்தாலே போதும்.) 1752-க்கு முந்தைய தேதி என்றால் இன்னொரு எச்சரிக்கை. அந்த ஆண்டுதான் பிரிட்டிஷ் ஆட்சிப் பகுதிகள் புதிய நாட்காட்டிக்கு மாறின. செப்டம்பர் 2-க்கு அடுத்த நாள் செப்டம்பர் 14. அதற்கு முன் அரசாங்கக் கணக்கில் புத்தாண்டு மார்ச் 25. எழுதியவர் எந்தக் கணக்கில் எழுதினார் என்று பார்க்காமல் நாளைக் கூட்டிக் கழிக்காதீர்கள்.

கடைசிப் பத்திதான் பொக்கிஷம். சாட்சிகளாக நிற்பவர்கள் சும்மா தெருவில் போனவர்கள் அல்ல. அண்ணன், மச்சான், அல்லது ஜெர்மனியில் ஒரே ஊர்க்காரர். கப்பலில் வந்தவரின் மூன்று குழந்தைகளுக்கு ஒரே தம்பதிதான் சாட்சி. நம் ஆளைப் பற்றி எங்குமே ஊர்ப் பெயர் இல்லாதபோது, அந்தத் தம்பதியைப் பின்தொடர்ந்தேன்.

அது கப்பல் பட்டியலில் பலித்தது. ஜெர்மானியர்கள் கூட்டம் கூட்டமாக வந்து இறங்குவதைப் பார்த்து ஆட்சியாளர்களுக்குப் பயம் வந்து, 1727 செப்டம்பர் முதல் பிலடெல்பியாவில் இறங்கும் வெளிநாட்டு ஆண்கள் பிரிட்டிஷ் மன்னருக்கு விசுவாசப் பிரமாணம் எடுக்க வேண்டும் என்று ஏற்பாடு செய்தார்கள். அந்தப் பயத்துக்குத்தான் இன்று நாம் நன்றி சொல்ல வேண்டும். பதினாறு வயதுக்கு மேற்பட்ட ஆண்களின் பெயர்கள் அதனால் மிஞ்சின. கப்பலுக்கு மூன்று பட்டியல் வரை இருக்கும். கேப்டன் கொடுத்தது ஒன்று, விசுவாசப் பிரமாணம் ஒன்று, போப்பையும், பிரிட்டிஷ் அரியணைக்கு உரிமை கோரிய ஸ்டூவர்ட் வாரிசையும் மறுக்கும் பிரமாணம் ஒன்று. கேப்டன் பட்டியல் பல கப்பல்களுக்குத் தொலைந்துவிட்டது. மற்ற இரண்டிலும் வந்தவர்களே கையெழுத்துப் போட்டார்கள். எழுதத் தெரியாதவர்களுக்கு எழுத்தர் பெயர் எழுத, அவர்கள் ஒரு குறி போட்டார்கள். பெண்கள், குழந்தைகள் பெயர் பெரும்பாலும் இல்லை. ஸ்ட்ராஸ்பர்கர், ஹிங்கே என்ற இருவர் 1934-இல் இவற்றை மூன்று தொகுதிகளாகப் பதிப்பித்தார்கள். அதில் இரண்டாவது தொகுதி முழுக்கக் கையெழுத்துகளின் நகல்.

எல்லோரும் முதல் தொகுதியில் பெயரைப் பார்த்துவிட்டுப் போய்விடுகிறார்கள். இரண்டாவதைத் திறங்கள். எங்கள் ஆளின் பெயரில் வெவ்வேறு ஆண்டுகளில் மூன்று பேர் இறங்கியிருந்தார்கள். ஒருவர் வெறும் குறி போட்டவர். மற்ற இருவரும் கையெழுத்துப் போட்டவர்கள். லங்காஸ்டரில் இருக்கும் உயிலில் எங்கள் ஆளின் கையெழுத்து இருந்தது. முதல் எழுத்தின் வால் கீழே போய் இடப்பக்கம் சுழித்து மேலேறும். அந்தச் சுழி ஒருவரிடம் மட்டும் இருந்தது. அதே பட்டியலில், இரண்டு வரி தள்ளி, ஞானஸ்நான சாட்சியாக நின்றவரின் கையெழுத்து. வரிசையில் ஒன்றாக நின்று கையெழுத்துப் போட்டிருக்கிறார்கள். கையெழுத்து மட்டும் இருந்தால் நான் நம்பியிருக்க மாட்டேன், முப்பது வருடத்தில் யாருக்கும் கை மாறும். பக்கத்து வரிப் பெயர்தான் என் சந்தேகத்தைத் தீர்த்தது.

கப்பல் வந்த ஆண்டுக்கும் நிலம் வாங்கிய ஆண்டுக்கும் இடையே வெற்றிடம் இருந்தால் பதற வேண்டாம். பயணக் கட்டணம் கொடுக்க முடியாதவர்களை இறங்கிய துறைமுகத்திலேயே சில வருட வேலைக்கு ஒப்பந்தம் போட்டு விற்றுவிடுவார்கள். அந்த வருடங்களில் வரியும் இல்லை, நிலமும் இல்லை. பிறகு வரிப் பட்டியலில் தலைகாட்டுவார்கள். கல்யாணமாகாத இளைஞர்களைப் பட்டியலில் தனித் தலைப்பில் போட்டு வரி வாங்கினார்கள். ஒரு பையன் பெயர் அதில் முதலில் வரும் ஆண்டும், அதிலிருந்து மறையும் ஆண்டும் வயதுக்கும் கல்யாணத்துக்கும் நல்ல துப்பு.

தமிழ் வாசகர்களுக்கு ஒரு கொசுறு. இங்கே லூத்தரன் சபையைக் கட்டியெழுப்பிய ஹென்றி மெல்கியோர் மூலன்பெர்க் 1742-இல் வந்தவர். அவரை அனுப்பியது ஜெர்மனியின் ஹாலே நகரத்து ஃபிராங்கே நிறுவனம். நம் தரங்கம்பாடிக்கு மிஷனரி சீகன்பால்கு 1706-இல் வந்தாரே, அவரும் அதே ஹாலே வட்டாரம். பென்சில்வேனியாவிலிருந்து போன கடிதங்களும் தமிழ் ஓலைச்சுவடிகளும் இன்று ஹாலேயில் ஒரே காப்பகத்தில் இருக்கின்றன. மாமியாரிடம் இதைச் சொன்னபோது அவ்வளவாக அசரவில்லை. எனக்குத்தான் கொஞ்ச நேரம் வேலை ஓடவில்லை.

இனி படை விவகாரம். கப்பலில் வந்தவர் புரட்சிக் காலத்தில் வயதாகிவிட்டவர். படைக்குப் போனது மகன்.

புரட்சிப் போரில் சண்டையிட்டார் என்று ஒரே வார்த்தையில் சொல்லிவிடுகிறோம், ஆனால் அது பல வகை. மாநிலங்களின் பொதுச் சபையான காங்கிரஸ் நேரடியாக நடத்திய கான்டினென்டல் படை ஒன்று. அதில் ஜெர்மானியர்களுக்கென்றே 1776 மே மாதம் ஒரு படைப்பிரிவை உருவாக்கினார்கள், பென்சில்வேனியாவிலிருந்தும் மேரிலாந்திலிருந்தும் ஆள் எடுத்தார்கள். டிரென்டன், பிரின்ஸ்டன், பிராண்டிவைன் எல்லாம் பார்த்த பிரிவு அது, 1781 தொடக்கத்தில் கலைக்கப்பட்டது. குடும்பப் பெயர் ஜெர்மன் என்பதாலேயே பலர் நம் முன்னோர் அதில்தான் இருந்திருப்பார் என்று முடிவு கட்டிவிடுகிறார்கள். ஆனால் குடியானவர்களில் பெரும்பாலோர் இருந்தது மிலிஷியா என்ற ஊர்ப்படையில்.

பென்சில்வேனியாவின் மிலிஷியாச் சட்டம் 1777 மார்ச் 17-இல் வந்தது. 18 முதல் 53 வயதுக்குட்பட்ட வெள்ளை ஆண்கள் எல்லோரும் பெயர் கொடுத்தாக வேண்டும். ஒவ்வொரு கம்பெனியையும் எட்டு வகுப்பாகப் பிரித்தார்கள். தேவைப்படும்போது ஒரு வகுப்பு, அப்புறம் அடுத்த வகுப்பு என்று முறைவைத்துக் கூப்பிட்டார்கள். ஒரு முறை இரண்டு மாதம். ஊரே ஒரே நேரத்தில் காலியாகி அறுவடை கெட்டுவிடக் கூடாதே. போக விருப்பமில்லாதவர் பதிலாள் அனுப்பலாம், அல்லது அபராதம் கட்டலாம். மெனோனைட், டங்கர் போன்ற சபையினர் ஆயுதம் எடுப்பது பாவம் என்று நம்பியவர்கள், அவர்கள் பெயரும் அபராதப் பட்டியல்களில் வரும்.

இதில் கவனிக்க வேண்டியது: வகுப்புப் பட்டியலில் பெயர் இருப்பதால் அவர் போருக்குப் போனார் என்று ஆகாது. அது பெயர்ப்பதிவு மட்டுமே. சம்பளப் பட்டியலிலோ, பணிக்குக் கிளம்பிய பட்டியலிலோ பெயர் இருந்தால்தான் போனார் என்று அர்த்தம். பென்சில்வேனியா ஆர்கைவ்ஸ் என்ற அச்சுத் தொகுதிகளில் இரண்டும் கலந்து கிடக்கின்றன, தலைப்பைப் படிக்காமல் பெயரை மட்டும் படிப்பவர்கள் ஏமாறுவார்கள். ஹாரிஸ்பர்க்கில் உள்ள மாநில ஆவணக் காப்பகம் புரட்சிக்காலப் படைவீரர் அட்டைகளை இணையத்தில் வைத்திருக்கிறது, இலவசம். அட்டையில் பெயர், கவுண்டி, கம்பெனி, கேப்டன் பெயர் இருக்கும்.

எங்களுக்குச் சாவி அந்தக் கேப்டன் பெயர்தான். மிலிஷியாக் கம்பெனி என்பது ஒரு வட்டாரத்து ஆட்கள். கேப்டனும் அந்த வட்டாரக்காரர். கேப்டனின் நிலம் எங்கே என்று வரிப் பட்டியலில் பார்த்தால், அந்தக் கம்பெனியில் இருக்கும் ஆள் எந்த ஹைடல்பெர்க் என்று தெரிந்துவிடும். கம்பெனிப் பட்டியலில் எங்கள் ஆளைச் சுற்றி இருந்த பெயர்களில் பாதி, ஞானஸ்நானப் பதிவேட்டில் பார்த்துப் பழகிய பெயர்கள். சாட்சித் தம்பதியின் மகனும் அதே வகுப்பில். சரியான ஆள் இவர்தான் என்பதில் அதற்குப் பிறகு எனக்குச் சந்தேகம் வரவில்லை. பதவி, பிரைவேட். கேப்டன் என்று கேட்டு வளர்ந்த மாமியாருக்கு முகம் கொஞ்சம் சுருங்கியது. சாதாரணச் சிப்பாயாக இருந்தாலும் டி.ஏ.ஆருக்குப் போதும் என்றதும் சரியாகிவிட்டது.

அடுத்து, இந்த மனிதர் அந்த இரண்டு மாதம் என்ன செய்தார்? இதற்கு ஓய்வூதியக் கோப்பைவிட நல்ல இடம் கிடையாது. 1818-இல் வந்த சட்டம் கான்டினென்டல் படையில் இருந்த ஏழைகளுக்கு மட்டும். 1832 ஜூன் 7-ஆம் தேதிச் சட்டம்தான் மிலிஷியாக்காரர்களையும் சேர்த்துக்கொண்டது, மொத்தம் ஆறு மாதமாவது பணியாற்றியிருக்க வேண்டும். கிழவர்கள் நீதிமன்றத்தில் வந்து, எங்கே பிறந்தேன், யார் கேப்டன், எந்த வழியாக நடந்தோம் என்று சத்தியம் செய்து சொன்னார்கள். அவை தேசிய ஆவணக் காப்பகத்தில் சுமார் 80,000 கோப்புகளாக இருக்கின்றன, இன்று வீட்டிலிருந்தே படிக்கலாம். கோப்பு எண்ணுக்கு முன்னால் எஸ் இருந்தால் வீரர், டபிள்யூ இருந்தால் விதவை, ஆர் இருந்தால் நிராகரிக்கப்பட்டது. நிராகரித்த கோப்புகளை ஒதுக்காதீர்கள். ஆதாரம் போதவில்லை என்று திருப்பி அனுப்ப அனுப்ப, அவர்கள் இன்னும் இன்னும் சொல்லியிருப்பார்கள். 1800-இல் போர்த் துறை அலுவலகம் எரிந்ததால் அதற்கு முந்தைய விண்ணப்பங்கள் மிஞ்சவில்லை.

எங்கள் ஆள் 1832-க்கு முன்பே இறந்துவிட்டார், மனைவியும் இல்லை. கோப்பே கிடையாது. பலர் இங்கே கையை விரித்துவிடுவார்கள். நான் அவர் கம்பெனிப் பட்டியலை எடுத்துவைத்துக்கொண்டு ஒவ்வொரு பெயராகக் கோப்புத் தேடினேன். சிலருக்குக் கிடைத்தது. அதில் ஒருவர், எங்கள் ஆளோடு ஒரே சம்பளப் பட்டியலில் அடுத்தடுத்த வரியில் இருந்தவர், மொழிபெயர்ப்பாளர் வைத்துத் தன் கதையைச் சொல்லியிருக்கிறார். அரை நூற்றாண்டுக்குப் பிறகும் ஆங்கிலம் வராத மனிதர். அந்த முறை அவர்கள் செய்தது சண்டை இல்லை, காவல். லங்காஸ்டரில் போர்க்கைதிகளுக்குக் காவல் நின்றார்கள். ரொட்டி சரியாக வரவில்லை என்கிறார். காலணி கிழிந்துபோய் வீட்டிலிருந்து வேறு ஜோடி வரவழைத்ததைச் சொல்கிறார். கீழே ஜெர்மன் எழுத்தில் நடுங்கும் கையெழுத்து.

வேறொருவரின் விதவை போட்ட கோப்பில் ஒரு டௌஃப்ஷைன் இருந்தது. பறவையும் துலிப் பூவும் வண்ணத்தில் வரைந்த ஞானஸ்நானச் சான்றிதழ் அது. கல்யாணத்துக்கும் பிள்ளைகளின் வயதுக்கும் ஆதாரம் கேட்டால், குடும்பங்கள் வீட்டில் இருந்த அசலையே அனுப்பிவிட்டன, பைபிளின் பக்கத்தைக் கிழித்து அனுப்பியவர்களும் உண்டு. அவை திரும்பப் போகவில்லை. டௌஃப்ஷைனில் அம்மாவின் பிறந்த வீட்டுப் பெயர் இருக்கும், அதனால் எந்தக் கோப்பையும் கடைசிப் பக்கம் வரை புரட்டிவிடுங்கள்.

ஹெஸ்ஸியர் கதைக்கு வருவோம். பிரிட்டன் இந்தப் போருக்காக ஜெர்மன் சிற்றரசர்களிடமிருந்து சுமார் 30,000 வீரர்களை வாடகைக்கு எடுத்தது. பெரும்பங்கு ஹெஸ்ஸே-காஸெல் நாட்டிலிருந்து வந்ததால் எல்லோருக்குமே ஹெஸ்ஸியர் என்று பெயர். (அதே போர்க் காலத்தில் ஹனோவர் நாட்டிலிருந்து இரண்டு படைப்பிரிவுகள் மதராசுக்கும் போயின, 1783-இல் கடலூரில் பிரெஞ்சுக்காரர்களோடு மோதின.) 1776 டிசம்பர் 26 காலையில் டிரென்டனில் வாஷிங்டன் பிடித்தது சுமார் 900 பேரை, ரால், லாஸ்பெர்க், க்னிப்ஹவுசன் படைப்பிரிவுகளின் ஆட்கள். கைதிகளை ஜெர்மன் மொழி பேசும் லங்காஸ்டர், லெபனான், ரெடிங் பக்கம் கொண்டுவந்து வைத்தார்கள். பண்ணைகளிலும் இரும்பு உலைகளிலும் வேலைக்கும் விட்டார்கள். சுற்றிலும் தன் மொழி, தன் சாப்பாடு, போதாததற்கு விலைக்கு நிலம். ஊருக்குத் திரும்ப யாருக்கு மனசு வரும்? ஆயிரக்கணக்கானோர் தங்கிவிட்டார்கள்.

எங்கள் ஆர்ஃபன்ஸ் கோர்ட் தாளில் ஒரு மருமகன் இருந்தார். போருக்கு முந்தைய எந்தக் கப்பல் பட்டியலிலும், வரிப் பட்டியலிலும், ஞானஸ்நானப் பதிவிலும் அவர் இல்லை. திடீரென்று 1780-களில் முளைக்கிறார், சாட்சி நிற்க உறவினர் ஒருவரும் இல்லை. அக்கம்பக்கமே இல்லாத ஆள் என்பதே ஒரு அடையாளம். ஜெர்மனியின் மார்புர்க் ஆவணக் காப்பகத்து ஆவணங்களை வைத்துத் தயாரித்த ஹெஸ்ஸிய வீரர் பட்டியல் இணையத்தில் இருக்கிறது. பெயர், பிறந்த ஆண்டு, சொந்த ஊர், கம்பெனி, பிடிபட்டாரா, ஓடிப்போனாரா என்பது வரை கிடைக்கும். அவர் பெயரில் இரண்டு பேர் இருக்கிறார்கள். ஒருவர் டிரென்டனில் பிடிபட்டவர். அவர்தான் இவர் என்று எழுதி வைக்க இன்னும் ஒரு ஆவணம் வேண்டும், அதுவரை பென்சிலில்தான் எழுதியிருக்கிறேன். ஆனால் காவலுக்கு நின்ற குடும்பத்தில் கைதி ஒருவர் மாப்பிள்ளையானார் என்று மாமியார் இப்போதே எல்லோருக்கும் போன் போட்டுச் சொல்லிக்கொண்டிருக்கிறார். தடுக்க முடியவில்லை.

டி.ஏ.ஆர். விண்ணப்பத்தைப் பற்றிக் கொஞ்சம். அவர்களுடைய தேடுதளம் யாருக்கும் திறந்திருக்கிறது. உங்கள் முன்னோர் பெயரில் ஏற்கெனவே யாராவது சேர்ந்திருக்கிறார்களா என்று முதலில் பாருங்கள். சேர்ந்திருந்தாலும், பழைய விண்ணப்பங்களில் சரிபார்ப்பு தளர்வு. இரண்டு பேரை ஒன்றாக்கிய குழப்பம் பிற்பாடு தெரியவந்து, இனி வருபவர்கள் புதிதாக நிரூபிக்க வேண்டும் என்று குறித்து வைத்திருப்பார்கள். எங்கள் விஷயத்தில் அப்படி ஒரு குறிப்பு பெர்க்ஸ் கேப்டன் பெயரில் இருந்தது. துப்பாக்கி தூக்கியவர்கள் மட்டும் கணக்கில்லை. படைக்குத் தானியம் கொடுத்தவர், உள்ளூர்ப் பதவியில் இருந்தவர், 1777 ஜூன் சட்டப்படி மன்னரை மறுத்து மாநிலத்துக்கு விசுவாசப் பிரமாணம் எடுத்தவர், எல்லோரும் தேறுவார்கள். கப்பலில் வந்தவர் அந்தக் கடைசி வகையில் வருகிறார். முதல் பிரமாணத்தில் பிரிட்டிஷ் மன்னருக்கு விசுவாசம், இரண்டாவதில் அதே அரச குடும்பத்தை மறுப்பு. இரண்டுக்கும் தாள் இருக்கிறது.

ஜெர்மனிப் பக்கம் இன்னும் முடியவில்லை. சாட்சித் தம்பதியின் ஊர் தென்மேற்கு ஜெர்மனியின் க்ரைஷ்கௌ வட்டாரத்தில் இருப்பது தெரிந்து, அந்த ஊர்ப் பதிவேட்டில் தேடினேன். சில பாதிரியார்கள் குடும்பப் பக்கத்தின் ஓரத்தில் பென்சில்வேனியாவுக்குப் போனார் என்று குறித்து வைப்பது உண்டு, அப்படி ஒரு குறிப்பு தம்பதிக்கு இருக்கிறது. எங்கள் ஆள் அந்த ஊரில் இல்லை, பக்கத்து ஊராக இருக்க வேண்டும். புராட்டஸ்டன்ட் பதிவேடுகள் ஆர்க்கியான் தளத்தில் கட்டணத்துக்குக் கிடைக்கின்றன. கத்தோலிக்கக் குடும்பம் என்றால் மாட்ரிகுலா, இலவசம். பணம் கட்டும் முன் சுற்றுவட்டார ஊர்களின் பட்டியல், அந்த ஊர்கள் எந்தச் சபையைச் சேர்ந்தவை, பதிவேடு எந்த ஆண்டிலிருந்து மிஞ்சியிருக்கிறது என்பதையெல்லாம் குறித்து வைத்துக்கொள்ளுங்கள். 1689-இல் பிரெஞ்சுப் படை ஹைடல்பெர்க், மான்ஹைம், ஸ்பையர் நகரங்களைக் கொளுத்தியபோது அந்தப் பக்கத்தில் பல பதிவேடுகள் போயின. அந்த ஊருக்கு ஓர்ட்ஸிப்பன்பூஹ் என்ற ஊர்க்குடும்பப் புத்தகம் யாராவது போட்டிருக்கிறார்களா என்றும் விசாரியுங்கள். இருந்தால் பாதி வேலை மிச்சம். நான் பட்டியலைத் தயார் செய்துவிட்டேன். ஒரு மாதக் கட்டணம் கட்டி, பள்ளி விடுமுறையில் மாமியாரையும் பக்கத்தில் உட்காரவைத்துக்கொண்டு ஊர் ஊராகப் புரட்டுவதாகத் திட்டம்.